பிரஸ்ஸில் "ஃபான்ட் மிஸ்ஸிங், கர்வ் பண்ணிக் கொண்டுவாங்க" என்றால் என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை இதுதான். பெருந்துறைப் பக்கம் ஊர்க்கோயில் கும்பாபிஷேகம். மலர் 64 பக்கம், கூடவே ஒற்றைத் தாளில் ஒரு அழைப்பிதழ். வீட்டு லேப்டாப்பில் இன்டிசைனில் லேஅவுட் போட்டிருக்கிறார். கட்டுரைகளில் பாதி பத்து வருடத்துக்கு முந்தைய மலரிலிருந்து எடுத்த பாமினி (பழைய தமிழ் ஃபான்ட்) மேட்டர், மீதி வாட்ஸப்பில் வந்த யூனிகோட், அதாவது போனில் அடிக்கிற இன்றைய பொது முறை. பிரஸ்ஸில் கொடுத்தால் ஃபான்ட் இல்லை, எல்லாவற்றையும் கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் வரைபடமாக மாற்றிக் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கர்வ் பண்ணினால் போதுமா, ஏன் அப்படிக் கேட்கிறார்கள், வேறு வழி இருக்கிறதா?

அழைப்பிதழுக்குக் கர்வ் போதும். 64 பக்க மலருக்குக் கர்வ் வேண்டாம், ஃபான்ட் உள்ளே பதிந்த பிடிஎஃப் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மேட்டரில் சரி பண்ண வேண்டியது நிறைய இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக ஈரோட்டிலும் கோயமுத்தூரிலும் இந்த வேலையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். திரையில் "தமிழ்" என்று தெரிவது ஒரு பொருள் அல்ல, இரண்டு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எழுத்து எண்கள் ஒன்று, அந்த எண்ணுக்கு என்ன உருவம் வரைய வேண்டும் என்று சொல்லும் ஃபான்ட் இன்னொன்று. ஈய எழுத்துக் காலத்தில் இந்தப் பிரச்சினை கிடையாது. கேஸில் (எழுத்து வைக்கும் அறைப்பெட்டி) எழுத்து இருந்தால் கோப்பார்கள், தீர்ந்துபோனால் மெஷினில் இருக்கும் ஃபாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்களின் கட்டு) அச்சாகிப் பிரிக்கும்வரை காத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரிந்ததுதான் தாளில் விழும். இப்போது எண் ஒரு வண்டியில், உருவம் இன்னொரு வண்டியில் போகிறது. இரண்டும் சேர்ந்து போய்ச் சேராவிட்டால் அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் தானாக ஒரு முடிவு எடுக்கும். அந்த முடிவை அங்கே எடுக்க விடாமல் இங்கேயே எல்லாவற்றையும் கட்டிமுடித்து அனுப்புவதுதான் நம் வேலை.

பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "தமிழ்" என்று அடிக்க நீங்கள் தட்டுவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஃபைலில் சேமிப்பாவதும் அதேதான். பாமினி ஃபான்ட் அந்த ஜே இருக்கும் இடத்தில் "த" வரைந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிரஸ் கம்ப்யூட்டரில் பாமினி இல்லையென்றால் அது பாட்டுக்கு ஜே, கே, பி என்று ஆங்கிலத்தில் கொட்டும். இதைக்கூட நான் நல்ல தவறு என்பேன். பார்த்த உடனே யாருக்கும் தெரிந்துவிடும், போன் வந்துவிடும், உங்களுக்கும் வந்தது.

யூனிகோடில் வரும் தவறுதான் பொல்லாதது. நீங்கள் ஒரு ஃபான்ட்டில் போட்டது அங்கே இல்லையென்றால் இருக்கிற இன்னொரு தமிழ் ஃபான்ட் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்து தமிழாகவே இருப்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த ஃபான்ட் கொஞ்சம் அகலமாக இருந்தால் வரி ஓடும், பெட்டிக்குள் இருந்த கடைசி வரி வெளியே போய் மறைந்துவிடும். நன்கொடையாளர் பட்டியலில் அந்தக் கடைசி வரியில் யார் பெயர் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு விலை டேக் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ₹ குறி 2010இல்தான் யூனிகோடில் இடம் பிடித்தது. அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி ஃபான்ட் எல்லார் கம்ப்யூட்டரிலும் பரவியது. கீபோர்டில் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னச் சாய்கோட்டுக் கட்டையைத் தட்டினால் அது ₹ ஆகத் தெரியும். அப்படிப் போட்ட பழைய ஃபைலையே வருடக்கணக்கில் விலையை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை வேறு மெஷினில் திறந்து அச்சுக்குப் பிளேட் போட்டோம். பத்தாயிரம் டேக்கில் விலைக்கு முன்னால் ₹ இல்லை, ஈ மொய்த்த மாதிரி ஒரு கீறல். பார்த்தது யார் தெரியுமா? டேக்கைத் துணியில் கோக்கிற அக்கா. "ஏனுங்கண்ணா, எல்லாத்துலயும் ஒரு கோடு இருக்குதே, டிசைனுங்களா?" என்று கேட்டார். பாதி கோத்து முடிந்திருந்தது.

அதனால் உங்கள் மலரில் முதல் வேலை, பாமினி மேட்டர் முழுவதையும் யூனிகோடாக மாற்றுங்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு முறையையும் கலந்து வைக்காதீர்கள். மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நிமிடத்தில் முடிந்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். பாமினி மட்டுமல்ல, அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்து வரிசை வைத்திருந்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்று இரண்டு முறைகளை அறிவித்தது, பிறகு 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றுக்கொண்டது. உங்களிடம் இருக்கும் பழைய மேட்டர் எந்த முறை என்று தெரியாமல் கன்வெர்ட்டரில் போட்டால் பாதி சரியாகவும் பாதி கோணலாகவும் வரும். அந்தப் பாதி சரியை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சரியான முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சில இடங்களில் கண்டிப்பாக அடி வாங்கும். முக்கியமானது "ர்". பழைய அச்செழுத்து அழகில் "ர்" என்பதற்குக் கீழ்க்காலை இழுக்காமல், துணைக்கால் மேல் புள்ளி வைத்த மாதிரி வரைவார்கள். அந்த அழகுக்காகவே டிடிபி அடிப்பவர்கள் ர போட்டுப் புள்ளி வைக்காமல் துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்துப் பழகிவிட்டார்கள். பார்க்க ஒன்றுதான், ஃபைலில் வேறு. கன்வெர்ட்டர் பாவம், இருப்பதை அப்படியே மாற்றும். "அவர்கள்" என்ற சொல்லில் வ-வுக்குப் பின்னால் ஒரு துணைக்கால், அதன் தலையில் புள்ளி. சில ஃபான்ட்டில் அது ர் மாதிரியே தெரியும், சிலதில் புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம் முளைக்கும். ஃபான்ட்டை மாற்றிய உடனே பக்கமெல்லாம் வட்டம் வந்துவிட்டது என்று அலறுகிறவர்களுக்கு இதுதான் காரணம். ஃபைண்ட் ரீப்ளேஸில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து வருவதைத் தேடி "ர்" என்று மொத்தமாக மாற்றுங்கள். தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வேறு எங்கும் வராது, பயப்படாமல் ரீப்ளேஸ் ஆல் கொடுக்கலாம்.

"ஔ" அப்படி இல்லை. "கௌரி" என்பதில் வருவது ஔகாரக் குறி, "கெளுத்தி" என்பதில் ஒற்றைக்கொம்பும் ள-வும். பழைய ஃபான்ட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டைகள்தான். கன்வெர்ட்டருக்கு எது எது என்று தெரியாது. இதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால் கெளுத்தி மீன் கௌரியம்மன் ஆகிவிடும். பௌர்ணமி, சௌந்தரம், மௌனம், கௌசல்யா என்று தேடிப் போங்கள், கோயில் மலரில் நிறைய வரும்.

பாமினி மேட்டருக்குள் இருந்த ஆங்கிலமும் சேர்ந்து தமிழாகிவிடும். விலாசத்தில் கதவு எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் "நோ" என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அது மாறியதும் "ழே" என்று வரும். பாமினியில் பெரிய என் என்றால் ஏகாரக் கொம்பு, சின்ன ஓ என்றால் ழ. "ழே" என்று தேடிப் பாருங்கள், "கீழே" போன்ற சில சொற்களைத் தவிரத் தமிழில் அந்த எழுத்து அத்தனை தடவை வராது, வந்த இடத்தில் பாதி விலாசமாக இருக்கும்.

அடுத்து இன்டிசைன். யூனிகோட் தமிழில் "கெ" என்பதை க முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கும். கொம்பை முன்னால் தள்ளி வரைவது சாஃப்ட்வேரின் வேலை. இன்டிசைனில் வழக்கமாக இருக்கும் கம்போசருக்கு (எழுத்தை வரியில் அடுக்கும் பகுதி) அந்த வேலை தெரியாது, கொம்பு பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும். பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பத்தியாகச் செய்யாமல் பாராகிராஃப் ஸ்டைலிலேயே ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் புதிதாக ஒட்டும் பத்தியெல்லாம் மறுபடி உடைந்துபோகும். இல்லஸ்ட்ரேட்டரிலும் பழைய ஃபோட்டோஷாப் வெர்ஷன்களிலும் இதே விஷயம், பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும். பேஜ்மேக்கர் இன்னும் நம் ஊரில் பல கடைகளில் ஓடுகிறது, நானும் அதில்தான் தொழில் கற்றேன், ஆனால் அதற்கு யூனிகோட் தெரியாது. அவர்களிடம் யூனிகோட் மேட்டர் கொடுத்தால் கேள்விக்குறியாக வரும், அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இதனால்தான் சொல்கிறேன், இன்டிசைன் ஃபைலையே பிரஸ்ஸுக்குக் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பது வேறு வெர்ஷனாக இருக்கும், ஃபான்ட் பெயர் ஒன்றாக இருந்து உள்ளே வேறு பதிப்பாக இருக்கும். இந்த இரண்டாவது விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. டிடிபி கடைகளில் கைமாறிக் கைமாறி வந்த ஃபான்ட் ஃபோல்டரில் ஒரே பெயரில் மூன்று ஃபான்ட் இருக்கும், யாரோ எங்கோ ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்திருப்பார்கள். பெயர் பொருந்துகிறதா என்றுதான் கம்ப்யூட்டர் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது.

அந்த ஃபோல்டரைவிட இப்போது இலவசமாக நல்ல ஃபான்ட்களே இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, தலைப்புக்குப் பலூ தம்பி, கவிவனார். எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பவை, பிடிஎஃப்பில் பதிக்கவும் அச்சடித்து விற்கவும் தடையில்லை. காசு கொடுத்து வாங்குகிற ஃபான்ட் சிலதில் பதிக்கக் கூடாது என்று ஃபான்ட்டுக்குள்ளேயே ஒரு கொடி வைத்திருப்பார்கள், இன்டிசைன் அதை மதித்துப் பதிக்க மறுக்கும். வேர்ட் வேறு மாதிரி, பதிக்க முடியாத ஃபான்ட்டைச் சத்தமில்லாமல் படமாக மாற்றிவிடும், அச்சில் எழுத்தின் ஓரம் ரம்பம் மாதிரி வரும். கூகுளில் இறக்கும்போது சில ஃபான்ட்களில் இரண்டு வகை சேர்ந்து வரும், வேரியபிள் என்று ஒரு ஃபைல், ஸ்டேட்டிக் என்று ஒரு ஃபோல்டர். ஸ்டேட்டிக்கை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்கள். வேரியபிள் பழைய மெஷின்களில் தகராறு செய்யும்.

போல்டு வேண்டுமென்றால் போல்டு ஃபான்ட்டையே போடுங்கள். வேர்டில் ஆங்கில பி பட்டனை அமுக்கினால், அந்தக் குடும்பத்தில் போல்டு இல்லாவிட்டாலும், எழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்துத் தடித்த மாதிரி காட்டும். பிளேட்டில் அது வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் தமிழுக்கு ஆகாது. நம் எழுத்தில் சுழி அதிகம். "ண" மூன்று சுழி, "ன" இரண்டு சுழி, "ஞ" உள்ளுக்குள் ஒரு சுருள். சுற்றிக் கோடு இழுத்தால் சுழியின் ஓட்டை அடைபடும். அதன் மேல் தாள் மையை உறிஞ்சிக் கொஞ்சம் பரப்பும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் ஆர்ட் பேப்பரைவிட அதிகமாகப் பரவும். 8 பாயிண்டில் இப்படிப் போட்டால் அண்ணன் எது, அன்னம் எது என்று பூதக்கண்ணாடிதான் வைத்துப் பார்க்க வேண்டும். மலருக்கு உடல் எழுத்து 11 பாயிண்டுக்குக் குறையாமல், வரி இடைவெளி அதற்கு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். பெரியவர்கள்தான் படிக்கப்போகிறார்கள். ஆனால் பாயிண்டை நம்பாதீர்கள், ஒரு ஃபான்ட்டின் 11 இன்னொன்றின் 13 அளவு இருக்கும். ஒரு பக்கத்தை லேசரில் நூறு சதவீத அளவில் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள்.

கோயில் மேட்டருக்கென்றே சில எழுத்துகள் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்ரீ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், ஸ வைத்து ஒன்று, 2005இல் சேர்த்த ஶ வைத்து ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், சில ஃபான்ட்டில் இரண்டாவது வகை சேராமல் பிரிந்து நிற்கும் அல்லது கட்டமாக வரும். உங்கள் மலரில் எத்தனை ஸ்ரீ இருக்கும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், வாட்ஸப்பில் வந்த ஒவ்வொரு கட்டுரையும் வேறு வேறு போனில் அடித்தது. அழைப்பிதழில் நாள், மாதம், வருடத்துக்குப் போடும் ௳, ௴, ௵ குறிகளும் அப்படியே, புது அலங்கார ஃபான்ட் பலவற்றில் இந்த உருவங்களே கிடையாது. ௐ இன்னும் பிந்தி, 2008இல்தான் யூனிகோடுக்கு வந்தது. ஃபான்ட்டில் இல்லாத எழுத்தை இன்டிசைன் இளஞ்சிவப்புப் பின்னணியில் காட்டும், அந்த நிறம் ஓரிடத்திலும் இல்லாதவரை பக்கங்களைப் புரட்டுங்கள்.

ஓர் ஈரோட்டுச் செய்தி, சும்மா சொல்லி வைக்கிறேன். "லை", "ணை", "றா" போன்றவற்றுக்குத் தும்பிக்கை வைத்துச் சுழித்த பழைய உருவங்கள் இருந்தன இல்லையா, அவற்றை விட்டுவிட்டு இப்போதுள்ள வடிவத்தை ஈரோட்டிலிருந்து தொடங்கிய தம் குடி அரசு பத்திரிகையில் பெரியார் 1935இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், அரசு ஏற்றுக்கொண்டது 1978இல். அச்சுக் கோக்கிறவருக்கு எத்தனை அறை மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். இதில் நமக்கு என்ன என்றால், யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே எண்தான், எந்த உருவம் என்பது ஃபான்ட்டின் முடிவு. பழைய பாணி ஃபான்ட் ஒன்று இடையில் புகுந்துவிட்டால் உங்கள் மலரில் திடீரென்று ஒரு பக்கம் தும்பிக்கையோடு வரும்.

இனி கறுப்பு. ஃபான்ட் சரியாக இருந்தும் எழுத்து மங்கலாக, நிழல் விழுந்த மாதிரி வருகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். வேர்டில் இருந்து ஒட்டிய கறுப்பு திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு. அது அச்சு மைக்கான சிஎம்ஒய்கேயாக மாறும்போது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கிலும் பிரியும். ஒரு சின்ன "ஞ"வை நான்கு பிளேட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக முடியளவு பிசகாமல் அடிக்க முடியுமா? மெஷின்மேன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொஞ்சம் நகரும், எழுத்துக்கு வண்ண நிழல் விழும். உடல் எழுத்து கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். பார்க்க சுலபமான வழி, இன்டிசைனில் விண்டோ, அவுட்புட், செபரேஷன்ஸ் பிரிவ்யூ திறந்து கறுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். எழுத்தெல்லாம் காணாமல் போனால் சரி. ஏதாவது ஒரு பத்தி சாம்பலாக நின்றுகொண்டிருந்தால் அது வேர்டிலிருந்து வந்தது. ஸ்வாட்ச்சில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று இருக்கும் கறுப்பை எழுத்துக்கு வைத்துவிடாதீர்கள், அது கட்டிங் குறிகளுக்கு உள்ளது.

அட்டையில் சாமி படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைக்கும்போதும் இதே கணக்கு, நான்கு மையும் சூழ்ந்து வெள்ளையை நெருக்கும், மெல்லிய ஃபான்ட் போட்டால் கரைந்துவிடும். நுனி அலங்காரம் இல்லாத தடித்த சான்ஸ் ஃபான்ட், 10 பாயிண்டுக்கு மேல் வையுங்கள். அழைப்பிதழை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தங்க மையில் அடிக்கிறீர்கள் என்றால் இன்னும் தடிமன் வேண்டும், வலையின் கண் வழியாக மை இறங்க வேண்டுமே. ஈரோட்டு மஞ்சள்தூள் பாக்கெட் மாதிரி கிராவ்யரில் போகும் வேலை வேறு கதை, அங்கே சிலிண்டரில் எழுத்தும் சின்னச் சின்னக் குழிகளாகத்தான் விழும், ஓரம் சீராக வராது, அதனால் மெல்லிய எழுத்து அங்கே ஆகாது. உங்களுடையது ஆஃப்செட், விடுங்கள்.

இப்போது கர்வ். எழுத்தை எழுத்தாக இல்லாமல் வெறும் வரைபடமாக மாற்றுவதுதான் கர்வ், கோரலில் கன்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. ஃபான்டே தேவைப்படாது, அதனால்தான் பிரஸ்காரர் கேட்கிறார், அவரைப் பொறுத்தவரை அது தலைவலி இல்லாத வழி, தப்பில்லை. ஒற்றைத் தாள் அழைப்பிதழ், லோகோ, ஃப்ளெக்ஸ், டேக் இதற்கெல்லாம் நானும் கர்வ்தான் கொடுப்பேன், ஆனால் கர்வ் பண்ணாத ஒரு ஃபைலைத் தனியாக வேறு பெயரில் வைத்துக்கொண்டு. முகூர்த்த நேரம் மாறியது என்று முந்தின நாள் இரவு போன் வரும், அப்போது கர்வ் ஃபைலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

64 பக்கத்துக்கு ஏன் வேண்டாம்? ஒன்று, சின்ன எழுத்து கர்வ் ஆனதும் ஒரு சுற்று தடித்துத் தெரியும், லேசரிலும் டிஜிட்டலிலும் நன்றாகவே தெரியும். இரண்டு, இன்டிசைனில் ஃபிரேமோடு கர்வ் பண்ணினால் சில விஷயங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். அடிக்கோடு போகும், தானாக வரும் வரிசை எண் போகும். ஒரு தடவை நன்கொடையாளர் பட்டியலில் முந்நூற்றுச் சொச்சம் பெயர், வரிசை எண்ணைத் தானியங்கியில் வைத்திருந்தேன், கர்வ் பண்ணிக் கொடுத்துவிட்டேன். பிளேட் ஆகும் முன்பு பார்த்ததால் தப்பித்தேன், எண் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது, பிரஸ்ஸில் ஒரு எழுத்து திருத்த வேண்டுமென்றால் முடியாது, பக்கம் முழுக்க மறுபடி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே பிடிஎஃப். எக்ஸ்போர்ட்டில் பிடிஎஃப் எக்ஸ்-4 என்று ஒரு முன்னமைப்பு இருக்கும், எக்ஸ்-1ஏ என்று இன்னொன்று. இரண்டுமே அச்சுக்காக ஐஎஸ்ஓ வகுத்தவை, இரண்டிலும் எல்லா ஃபான்ட்டும் உள்ளே பதிந்தே ஆக வேண்டும் என்பது விதி. பிரஸ்ஸில் புது ரிப் (பிடிஎஃப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் சாஃப்ட்வேர்) இருந்தால் எக்ஸ்-4, பழையது என்றால் எக்ஸ்-1ஏ, போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். எக்ஸ்-1ஏயில் ஒரு சூட்சுமம் உண்டு. அது நிழல், மங்கல் போன்றவற்றைத் தட்டையாக்கிவிடும், அப்போது நிழலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட எழுத்தும் சேர்ந்து கர்வ் ஆகும். ஒரே வரியில் பாதி எழுத்து மெலிசு, பாதி தடிப்பு. எழுத்து ஃபிரேம்களை எல்லாம் தனி லேயரில் மேலே வைத்துவிட்டால் இது வராது. ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் பகுதி), கட்டிங் குறி, இவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எக்ஸ்போர்ட் ஆனதும் அக்ரோபேட்டில் திறந்து கன்ட்ரோல் டி, ஃபான்ட்ஸ் என்ற பகுதி. ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்கும் பக்கத்தில் எம்பெடட் சப்செட் என்று இருக்க வேண்டும். சப்செட் என்றால் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதித்திருக்கிறது, அது போதும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் சொல் இல்லையென்றால் அங்கே நிறுத்துங்கள், அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் போடாத ஃபான்ட் ஏதாவது, வேர்டோடு ஒட்டிக்கொண்டு வந்த லதாவோ நிர்மலாவோ, இருந்தாலும் அது எந்தப் பக்கத்தில் என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி வரியாக இருக்கும், சில சமயம் ஒரு முழுப் பத்தியாக இருக்கும்.

அப்புறம் ஒரு சோதனை, எந்த சாஃப்ட்வேரும் தராதது. அந்த பிடிஎஃப்பை உங்கள் தமிழ் ஃபான்ட் எதுவும் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஃபான்ட் அங்கே இருக்கிறதே. வீட்டில் பிள்ளையின் போனில் திறந்தால்கூடப் போதும். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டோவாக அனுப்பி அதிலிருந்து பிளேட் எடுக்கச் சொன்ன ஆட்களும் எனக்கு வாடிக்கையாளர்கள்தான்.

பிரஸ்ஸுக்குப் போகும்போது பிடிஎஃப்போடு 64 பக்கமும் லேசரில் எடுத்த ஒரு செட்டும் கொண்டு போங்கள். பிளேட் போடும் முன்பு ரிப்பில் ஏற்றிய பக்கங்களைத் திரையில் காட்டச் சொல்லி, உங்கள் கையில் இருக்கும் தாளோடு வரி முடிவுகளை ஒப்பிடுங்கள். சொல் சொல்லாகப் படிக்க வேண்டாம், ஒவ்வொரு வரியும் எந்த எழுத்தில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள், ஃபான்ட் மாறியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். 16 பக்க ஃபாரமாக அடிக்கிறார்கள் என்றால் மொத்தம் நான்கு ஃபாரம். நன்கொடையாளர் பட்டியல் இருக்கும் ஃபாரத்தை முதலில் ஏற்றச் சொல்லி, முதல் தாள் வந்ததும் மெஷின் பக்கத்திலேயே நின்று ண, ன, ஸ்ரீ, ₹ நான்கையும் பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். பிரஸ்காரர் மறுபடியும் கர்வ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எக்ஸ்-4 பிடிஎஃப்பில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் ரிப்பில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், என் அனுபவத்தில் அந்த ஒரு பக்கம் வந்ததும் அவரே, "இதையே கொடுத்திருங்க" என்று சொல்லிவிடுவார். கெளுத்தியும் கௌரியும் குழம்பும் இடம் ஏதாவது மிச்சம் இருந்தால் அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.